நாயின் அரிப்புக்குக் குளியல் தீர்வாகுமா? அழகு நிலையம் முடியும் இடமும் மருத்துவமனை தொடங்கும் இடமும்

மும்பை: மழைக்கால ஈரத்தில் நாய் ஓயாமல் சொறிந்தாலோ, உடலில் துர்நாற்றம் வீசினாலோ, மருத்துவரை நாடாமல் அழகு நிலையத்தில் 'மருந்துக் குளியல்' கேட்போர் மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளிலும் உண்டு. ஒரே குளியலில் நாற்றம் அகன்றுவிடும்; நோய் அகலாது. இடைப்பட்ட சில நாள்களில் சிகிச்சைக்குரிய காலம் கடந்துபோவதே இதிலுள்ள ஆபத்து.

குளிப்பாட்டுதல், முடி சீவுதல், கத்தரித்தல், நகம் வெட்டுதல், வெளிக்காதைத் துடைத்தல் ஆகியவை அழகுப் பராமரிப்பாளரின் பணிகள். அதற்கு அப்பால் சட்டம் குறுக்கிடுகிறது. இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 1984-இன் 30ஆவது பிரிவின்படி, பதிவுபெற்ற கால்நடை மருத்துவர் அல்லாதோர் கால்நடை மருத்துவத் தொழில் புரிய இயலாது. தடுப்பூசி போடுதல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல் ஆகியவைகூட 'சிறு கால்நடை மருத்துவச் சேவைகள்' என வகைப்படுத்தப்பட்டுள்ளன. மாநில அரசு அனுமதித்த பட்டயதாரர்கள், பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் அவற்றைச் செய்யலாம். முரட்டு நாயை அமைதிப்படுத்த அழகு நிலைய ஊழியரே மயக்க மருந்து கொடுப்பது இந்த எல்லையை வெளிப்படையாக மீறும் செயலாகும்.

மும்பை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நகரில் அதிகக் கவனம் கோருவது உண்ணி. பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யக்கூடியது. பெண் உண்ணி சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். எனவே நாயின் உடலிலுள்ள உண்ணிகளைப் பொறுக்கி எடுப்பதால் மட்டும் பிரச்சினை தீராது. தாராவி போன்று சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்புகளில் பக்கத்து வீட்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருக்கும். உண்ணியைக் கொல்ல மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் மறையவில்லை. அது தோலைப் புண்ணாக்கும். நாய் நக்கினால் நஞ்சாகும்.

உண்ணி கடித்த ஓரிரு வாரங்களில் எர்லிக்கியா, பபீசியா ஆகிய கிருமிகளால் காய்ச்சல் வரக்கூடும். உணவில் நாட்டமின்மை, சோர்வு, வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தக் கசிவு, அடர்நிறச் சிறுநீர் ஆகியவை அதன் அறிகுறிகள். ரத்தப் பரிசோதனையின்றி இதை உறுதிசெய்ய இயலாது. நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும் என்பதால், மனிதருக்கான அளவுகோல் இங்கு உதவாது. 103-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வீட்டிலுள்ள பாராசிட்டமாலைக் கொடுத்துப் பார்ப்பது ஆபத்தானது. கழுத்துப் பகுதியில் விடும் உண்ணி மருந்தைப் பயன்படுத்துவோர், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள்களுக்காவது ஷாம்பு குளியலைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துவது வழக்கம்.

மழைநீர் தேங்கிய தெருவில் நடந்த நாய்க்கு வாந்தியும் மஞ்சள் காமாலையும் ஏற்பட்டால் எலிக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் தொற்றக்கூடிய நோய் என்பதால், இத்தகைய நாயை அழகு நிலையத்துக்கு அழைத்துச் செல்லவே கூடாது.

காதில் கரும்பழுப்புக் கசிவு, நாற்றம், தலையை ஒருபக்கம் சாய்த்தல் ஆகியவை காணப்பட்டால் சுத்தம் செய்வதை நிறுத்திவிட வேண்டும். செவிப்பறை கிழிந்திருக்கும் நிலையில் ஊற்றப்படும் சில சொட்டு மருந்துகள் கேட்கும் திறனையே பறித்துவிடும். சிக்குப்பிடித்த முடிக்கு அடியில் புழு வைத்த புண் தென்பட்டாலும் இதே விதிதான். மயக்கமின்றிச் செய்யப்படும் 'பல் சுத்தம்' கண்ணுக்குத் தெரியும் காறையை மட்டுமே நீக்கும். ஈறுக்கு அடியிலுள்ள நோய் அப்படியே நீடிக்கும்.

உலர்த்தும் கருவியும் உயிருக்கு ஆபத்தாகலாம். 2003ஆம் ஆண்டின் ஹட்ச் விளம்பரம் வாயிலாக நாடறிந்த பக் நாய், தட்டை முகத்தின் காரணமாக உடல் வெப்பத்தை எளிதில் வெளியேற்ற இயலாதது. கூண்டுக்குள் வெப்பக் காற்றில் விடப்பட்ட நாய் கடுமையாக மூச்சிரைத்துத் தள்ளாடினால், சாதாரண நீரால் நனைத்து, விசிறியபடியே உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மாட்டுங்காவிலிருந்து தாதரைக் கடந்தால் வரும் பரேலில், 1883இல் நிறுவப்பட்ட பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனையும், 1886இல் தொடங்கப்பட்ட பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளன. மகாலட்சுமியில் டாடா அறக்கட்டளையின் சிறு விலங்கு மருத்துவமனை 2024 முதல் செயல்படுகிறது.

தோல் நோய்க்காக மருத்துவரிடம் செல்வோர், நாயைக் 'கொஞ்சம் சுத்தமாக' அழைத்துச் செல்லலாம் எனக் கருதி முந்தைய நாள் குளிப்பாட்டிவிடுகின்றனர். தோலைச் சுரண்டி எடுக்கும் மாதிரியில் தென்பட வேண்டிய தடயங்கள் அதனால் குறைந்துவிடலாம். குளிப்பாட்டாமலே அழைத்துச் செல்வதும், ஏற்கெனவே பயன்படுத்திய ஷாம்பு, சொட்டு மருந்து ஆகியவற்றின் புட்டிகளை உடன் எடுத்துச் செல்வதும் மருத்துவரின் வேலையை எளிதாக்கும்.