முழுத்தொகுப்பு: விளைபொருளும் விளைந்த அறிவும்

இயற்கையில் உருவாகும் சிக்கலான மூலக்கூறு ஒன்றை, எளிதில் கிடைக்கும் சிறு சேர்மங்களிலிருந்து படிப்படியாகக் கட்டி எழுப்புவதே முழுத்தொகுப்பு. கரிம வேதியியலின் இக்கலைக்குச் சிகரமாகச் சொல்லப்படுவது வைட்டமின் பி12. டோரதி ஹாட்ஜ்கின் 1956இல் எக்ஸ் கதிர்ப் படிகவியலால் அதன் அமைப்பை வெளிப்படுத்தினார். ஹார்வர்டின் ராபர்ட் உட்வர்டும் சூரிச்சின் ஆல்பர்ட் எஷன்மோசரும், ஏறத்தாழ நூறு ஆய்வாளர்களுடன் பத்தாண்டுக்கும் மேல் உழைத்து, 1972இல் அதன் தொகுப்பை அறிவித்தனர். ஆனால் இன்று மருந்துக்கடையில் விற்கும் பி12 பாக்டீரியா நொதித்தலில் பிறப்பது. நுண்ணுயிர் செய்து தருவதை மனிதர் ஏன் இத்தனை பாடுபட்டுச் செய்ய வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. கணக்கும் கேட்பவர் பக்கமே நிற்கிறது: ஒவ்வொரு படியிலும் 90 விழுக்காடு விளைச்சல் கிடைத்தாலும், ஒன்றன்பின் ஒன்றாக 30 படிகள் கடந்தபின் எஞ்சுவது ஏறத்தாழ 4 விழுக்காடு, 60 படிகளுக்குப் பின் 0.2 விழுக்காடுகூட இராது.

குடுவையில் எஞ்சியதை மட்டும் நிறுத்துப் பார்த்தால் இந்த வாதம் வெல்லும். வழியில் கிடைத்ததையும் சேர்த்தால் வெல்லாது. பி12 பணியில் ஒரு வளையம் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முப்பரிமாண அமைப்போடு மூடியது. அந்த வளைய மூடல் வெப்பத்தில் ஒரு வகையாகவும் ஒளியில் மறுவகையாகவும் நடந்தது. அந்தப் புதிரிலிருந்து உட்வர்டும் ரோல்ட் ஹாஃப்மனும் 1965இல் வகுத்த விதிகள், எலக்ட்ரான் ஆர்பிட்டால்களின் சமச்சீர்மை வினையின் போக்கைத் தீர்மானிப்பதைக் காட்டின. பி12ஐத் தேடாத வேதியியலாருக்கும் அவை அன்றாடக் கருவியாயின. ஹாஃப்மன் 1981இல் நோபல் பரிசைக் கெனிச்சி ஃபுகுயியுடன் பகிர்ந்துகொண்டார்.

மூலக்கூறின் அமைப்பைச் சரிபார்க்கத் தொகுப்பு எதற்கு, நவீனக் கருவிகளே அதைச் சொல்லிவிடுகின்றனவே என்பது அடுத்த மறுப்பு. கடல்வாழ் உயிரியிலிருந்து பெற்ற டயசோனமைடு ஏ-க்கு 1991இல் ஓர் அமைப்பு முன்மொழியப்பட்டது. அதனோடு நெருங்கிய உறவுடைய டயசோனமைடு பி-யின் வழிப்பொருள் ஒன்றின் படிகச் சான்றும் அதற்கு இருந்தது. பாட்ரிக் ஹாரனின் குழு அந்த அமைப்பையே தொகுத்துப் பார்த்தபோது, 2001இல், அது இயற்கைப் பொருளோடு ஒத்துப்போகவில்லை. பிழையைக் காட்டியது தொகுப்புதான்.

பொருளளவில் பயனில்லை என்பதும் எப்போதும் உண்மையன்று. கடற்பஞ்சில் கிடைத்த ஹாலிகாண்ட்ரின் பி-யை யோஷிதோ கிஷி 1992இல் தொகுத்தார். அந்தப் பாதையின் இடைநிலைப் பொருள்களைச் சோதித்தபோது, புற்றுநோய்ச் செல்லை எதிர்க்கும் ஆற்றல் மூலக்கூறின் ஒரு பாதியிலேயே இருப்பது தெரிந்தது. அப்பாதியை எளிமையாக்கி வடிவமைத்த எரிபுலின், உடலில் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு 2010இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது கடற்பஞ்சை நம்பாமல் முழுக்கத் தொகுப்பாலேயே தயாராகிறது. எல்லாத் தொகுப்பும் இப்படிப் பலன் தருவதில்லை. அறிந்த வினைகளையே அடுக்கி இலக்கை எட்டுவது வெறும் திறன்காட்டலாக முடியலாம். எனவே ஒரு முழுத்தொகுப்பை எத்தனை மில்லிகிராம் தந்தது என்பதைவிட, அதற்கு முன் தெரியாத எதைத் தெரிவித்தது என்று கேட்டு மதிப்பிடுவதே முறை.