குறத்தியின் நகையும் காவலரின் வினாவும்

திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் ஒரு காட்சி உண்டு. ஊரூராய்த் தேடி அலைந்து சிங்கியைக் கண்டடைகிறான் சிங்கன். அவள் மேனியில் மின்னும் நகைகள் அவனைத் திகைக்க வைக்கின்றன. ஒவ்வொன்றையும் சுட்டி அவன் வினவ, பல நாடுகளில் குறி சொல்லிப் பெற்ற பரிசுகள் அவை என்று அவள் விடை பகர்கிறாள். அவன் ஐயம் தீர்கிறது. குறத்தி நகை அணிந்திருந்தால் அது அவள் உழைத்துப் பெற்றதாகவே இருக்கும் என்பதில் பதினெட்டாம் நூற்றாண்டுப் புலவருக்கு ஐயமில்லை. இரண்டு நூற்றாண்டுகளுக்குள் அதே வினாவைக் காவல் நிலையம் கேட்கலாயிற்று. விடையைக் கேட்கும் பொறுமை மட்டும் அங்கு இல்லை.

இடைப்பட்ட காலத்தில் நேர்ந்தது என்ன? குறவருள் ஒரு பிரிவினர் உப்பையும் தானியத்தையும் கழுதை மீதும் பொதிமாட்டின் மீதும் ஏற்றி ஊர்களுக்குக் கொண்டுசென்று விற்றவர்கள். சங்க கால உமணரின் தொழிலை நினைவூட்டும் வாழ்க்கை அது. இருப்புப்பாதை வந்தது, உப்பு அரசின் பிடிக்குள் சென்றது, காடுகளுக்குள் நுழையத் தடை வந்தது. வணிகம் போயிற்று, அலைதல் மட்டும் எஞ்சியது. ஊர் ஊராய்ச் செல்வோனை வணிகன் என்று கண்ட நாடு, அவனைத் திருடன் என்று காணத் தொடங்கியது. 1892-இல் காவல்துறை அதிகாரி முல்லலி சென்னை மாகாணத்தின் குற்ற வகுப்பினரைப் பற்றி ஒரு நூலே எழுதி வெளியிட்டார். நூலின் பெயரிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது!

1871-இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. 1924-இல் திருத்தித் தொகுக்கப்பட்டது. குறவர், கள்ளர் முதலிய பல சமூகத்தார் அதன் வலைக்குள் அகப்பட்டனர். கைரேகை பதித்தல், இரவில் காவல் நிலையத்தில் முகம் காட்டுதல், வெளியூர் செல்ல 'ராதாரிச் சீட்டு' பெறுதல் என்று வாழ்வின் ஒவ்வோர் அசைவும் காவலரின் கண்ணுக்கு உட்பட்டது. ஒரு சமூகத்தைக் குற்றப்பரம்பரை என அரசு அறிவித்துவிட்டால், அது முறையா என ஆராயும் உரிமை நீதிமன்றத்திற்கே இல்லை. பதிவு செய்யப்பட்டவன் திருட வேண்டியதும் இல்லை. திருட முனைந்திருந்தான் என்று ஐயுறத்தக்க சூழலில் காணப்பட்டாலே மூன்றாண்டு வரை கடுங்காவல். சான்று தேட வேண்டிய உழைப்பைப் பிறப்பு மிச்சப்படுத்திக் கொடுத்தது எனலாம்.

கடல் கடந்தும் இம்முறையின் உடன்பிறப்புகளைக் காணலாம். அமெரிக்காவில் 1865-இல் அடிமை முறை ஒழிந்த கையோடு, தென் மாநிலங்கள் கறுப்பின மக்களுக்கென்றே சட்டங்கள் வகுத்தன. வேலையில் இருப்பதற்குச் சான்று காட்ட இயலாதவன் 'திரிபவன்' எனப் பிடிக்கப்பட்டான். தென்னாப்பிரிக்காவின் கறுப்பினத்தார் அனுமதிச் சீட்டின்றி நகரில் நடமாட இயலவில்லை. அச்சீட்டை எதிர்த்துத் திரண்டோர் மீது 1960 மார்ச் 21-இல் ஷார்ப்வில்லில் காவலர் சுட்டதில் 69 பேர் மாண்டனர். ஷார்ப்வில்லை அறிந்த தமிழருள் எத்தனை பேர் பெருங்காமநல்லூரை அறிவர்? உசிலம்பட்டிப் பகுதியில் உள்ள அவ்வூரில், அதற்கு நாற்பது ஆண்டு முன்னரே, 1920 ஏப்ரல் 3-இல், கைரேகை பதிய மறுத்த கள்ளர் மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்னும் பெண்ணும் மாண்டவருள் ஒருவர்.

போராட்டங்களின் பயனாய் 1947-இல் சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீங்கியது. 1952-இல் இந்தியா முழுவதும் நீங்கியது. 'சீர்மரபினர்' என்னும் நல்ல சொல்லும் பின்னர் வந்தது. ஆனால் 1948-லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று சென்னையில் பிறந்துவிட்டது. பரம்பரை என்ற சொல் போய்ப் பழக்கம் என்ற சொல் வந்தது. சீர்மரபினரைக் காரணமின்றிக் கைது செய்யலாகாது என்று காவல்துறைக்கு உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் நினைவூட்ட வேண்டியிருந்தது என்றால், பழக்கம் யாருடையது என்பது நோக்கத்தக்கது.

கல்லங்குறிச்சி வட்டாரத்தார்க்கு இவ்வரலாறு தொலைவில் உள்ளதன்று. 1993 மார்ச்சில் அன்றைய தென்னார்க்காட்டின் கோபாலபுரத்தில் ஒரு வீட்டில் நகை களவு போயிற்று. கம்மாபுரம் காவல் நிலையத்தார் முதனை ஊரைச் சேர்ந்த குறவர் சமூகத்துக் கூலித் தொழிலாளி இராசாக்கண்ணுவைத் தேடினர். அவர் அகப்படும் முன்னரே மனைவியும் உறவினரும் பிடிக்கப்பட்டு வதைக்கப்பட்டனர். பின்னர் அவரும் பிடிபட்டார். சில நாளில், அவர் தப்பி ஓடிவிட்டதாகக் காவலர் கூறினர். கணவனை நீதிமன்றத்தின் முன் நிறுத்துமாறு கோரி மனைவி சென்னை உயர் நீதிமன்றத்தை அடைந்தார். அவருக்காக வழக்காடியவர் அன்று வழக்கறிஞராயிருந்த கே. சந்துரு. 2021-இல் வந்த 'ஜெய் பீம்' திரைப்படம் இவ்வழக்கைத் தழுவியதே; படத்தில் மட்டும் அம்மக்கள் இருளர் ஆயினர்.

தப்பியோடியதாகச் சொல்லப்பட்டவரின் உடல், அடையாளம் தெரியாத சடலமாக, மீன்சுருட்டிக் காவல் எல்லையில் கிடந்தது. கல்லங்குறிச்சிக்குக் கிழக்கே, செயங்கொண்டத்திற்கு அப்பால் உள்ள மீன்சுருட்டி இன்று அரியலூர் மாவட்டம். அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டம். மாவட்ட எல்லையைக் கடந்துவிட்டால் ஒரு நிலையத்தின் சடலம் இன்னொரு நிலையத்தின் பதிவேட்டில் பெயரற்றதாகிவிடும். இரவில் எல்லை கடக்கச் சீட்டுக் கேட்கப்பட்ட சமூகத்து மனிதர் ஒருவர், உயிரற்ற பின் சீட்டு எதுவுமின்றிக் கடத்தப்பட்டார். காவலர்கள் குற்றவாளிகள் என்று உயர் நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. அதுவரை 13 ஆண்டுகள் அந்த மனைவி நீதிமன்றத்தை நம்பிக் காத்திருந்தார்.