‘எப்போதும் தயார்’ என்னும் விதி: ஒத்திசைவற்ற நிரல்களில் கோப்பு வாசிப்பு குறித்து ஒரு மறுவாசிப்பு

வாசிக்கத் தயாரா என்று கேட்க உதவும் செலக்ட் அழைப்பு, சாதாரணக் கோப்புகளைப் பற்றிக் கேட்டால் எப்போதும் ‘தயார்’ என்றே விடை தரவேண்டும் என்று போசிக்ஸ் தரநிலை விதிக்கிறது. இந்த ஒரு விதியை ஊன்றுகோலாகக் கொண்டு, கோப்பு வாசிப்பு த்ரெட்டைத் தேக்குவதில்லை, ஆகவே எதிர்வினை நிரல்களில் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டியதில்லை என்று வாதிடும் போக்கு ஒன்று நெடுநாளாக உண்டு. அண்மையில் அது சற்று இறங்கிவந்து, கோட்பாட்டில் தேக்கமில்லை, நடைமுறையில் சிறு தாமதம் இருக்கலாம் என்கிறது. இரண்டு வடிவங்களும் ஒரே பிழையான வாசிப்பில் பிறந்தவை. அந்த விதி கோப்பின் நடத்தையை விவரிக்கவில்லை. கோப்பைப் பற்றிச் செலக்ட்டிடம் பொருளுள்ள கேள்வி எதையும் கேட்க முடியாது என்பதைத்தான் அது வெளிக்காட்டுகிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். வாசிப்பு அழைப்பு ஒன்று தேங்காமல் திரும்புமானால் அந்த விவரிப்பி (திறந்த கோப்பையோ சாக்கெட்டையோ குறிக்கும் எண்) தயார் நிலையில் இருப்பதாகக் கொள்ளவேண்டும் என்று அதே தரநிலை செலக்ட்டுக்கு இலக்கணம் வகுக்கிறது. சாதாரணக் கோப்பு எப்போதும் தயார் என்பது அடுத்த விதி. இரண்டையும் சேர்த்தால் கோப்பு வாசிப்பு தேங்காது என்ற முடிவு தானாகவே வந்துவிடுகிறது. தருக்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் அதே தரநிலையின் வரையறைப் பகுதியைப் புரட்டினால், செயலியின் முறை தவிர வேறு ஏதேனும் ஒரு நிபந்தனை நிறைவேறுவதற்காகக் காத்திருக்கும் த்ரெட்டே தேங்கிய த்ரெட் என்று கண்டிருக்கிறது. வன்தட்டிலிருந்து பக்கம் வந்து சேரக் காத்திருக்கும் த்ரெட் இந்த வரையறைக்குள் ஐயமின்றி அடங்கும். ஆக, ஒரே நூலின் ஓரிடம் தேக்கம் இல்லை என்ற முடிவுக்கும் மற்றோரிடம் தேக்கம் உண்டு என்ற முடிவுக்கும் இட்டுச்செல்கிறது. மேலே சொன்ன போக்கு முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது.

முரண்பாட்டைத் தீர்க்க யுனிக்ஸ் மரபு ஒரு வழி வைத்திருக்கிறது. முனையம், குழாய் முதலியவை ‘மெதுவான’ சாதனங்கள். அவற்றிடம் காத்திருப்புக்கு எல்லை இல்லை. வன்தட்டு ‘விரைவான’ சாதனம். அதன் விடை எப்படியும் வந்துவிடும். எல்லையற்ற காத்திருப்பு மட்டுமே தேக்கம் என்றால் விதி பொருந்திவிடுகிறது. இந்தப் பாகுபாட்டுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஓர் அழைப்பைச் சிக்னலால் இடைமறிக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய அது உதவியது. பயனருக்கு ஒரு புராசஸ் என்றிருந்த அமைப்பில், காத்திருந்தவரின் இழப்பு அவரோடு முடிந்தது. நிகழ்வுச் சுழலில் நிலைமை அடியோடு வேறு. ஒரே த்ரெட்டை நம்பி ஆயிரக்கணக்கான இணைப்புகள் நிற்கின்றன. அங்கே கேட்கவேண்டிய கேள்வி, காத்திருப்புக்கு முடிவு உண்டா என்பதன்று. அது முடியும்வரை வேறு யார் யார் நிற்கிறார்கள் என்பதே. முடிவு உண்டு என்ற அனுமானமும் எல்லா இடத்திலும் செல்லாது. என்எஃப்எஸ் வழியாக ‘ஹார்டு’ முறையில் இணைத்த கோப்பு முறைமையில் வழங்கி மறைந்துபோனால், வாசிக்கப்போன த்ரெட் அது திரும்பி வரும்வரை நின்றுகொண்டேயிருக்கும். பெயரளவில் அதுவும் சாதாரணக் கோப்புதான்.

என் வாதத்தின் மையம் இனிமேல்தான் வருகிறது. சாக்கெட்டில் வாசிக்க ஒரே முனைதான் உண்டு. அடுத்து வரும் பைட் எதுவோ அதுதான் கிடைக்கும். எனவே ‘வாசிக்க ஏதாவது இருக்கிறதா’ என்ற கேள்வி முழுமையான கேள்வி. கோப்பு அப்படியல்ல. அதன் எந்த இடத்திலிருந்தும் எவ்வளவு நீளத்தையும் கேட்கலாம். முதல் 4 கிலோபைட் நினைவகத்தில் இருக்கும். அடுத்த 4 கிலோபைட் வட்டில் கிடக்கும். ஆகவே ‘கோப்பு தயாரா’ என்பது அரைகுறைக் கேள்வி. ‘இந்த இடத்திலிருந்து இவ்வளவு தயாரா’ என்றால்தான் அது முழுமை பெறும். செலக்ட் அழைப்பில் விவரிப்பியைக் குறிக்க இடம் உண்டு. இடத்தையும் நீளத்தையும் குறிக்க இடமில்லை. கேள்வியை உள்ளே அனுப்பவே முடியாத இடத்தில் எந்த விடையும் உண்மையாகாது, பொய்யுமாகாது. தரநிலை தந்திருப்பது கேள்வியைத் தள்ளிவிடும் விடை. பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் பாலசமுத்திரத்தை ஒட்டியிருக்கும் பாலாறு-பொருந்தலாறு அணையின் கீழ் விவசாயம் செய்பவர் எவரும் மடை திறந்தாயிற்று என்ற செய்தியைத் தம் வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளமாட்டார். கடைமடைக்கு எப்போது பாயும் என்பது தனிக் கேள்வி. விதியை நேர்ப்பொருளில் வாசித்தவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டனர்.

விதியை எழுதியவர்களின் மனத்தில் இருந்தது இதுதான் என்று நான் கூற வரவில்லை. அதற்கு ஆவணம் வேண்டும். பனுவலும் அதைச் சூழ்ந்தவையும் எந்த வாசிப்பைத் தாங்குகின்றன என்பதையே பார்க்கிறேன். 1993-இல் வந்த போசிக்ஸ் நிகழ்நேர நீட்டிப்பு, கோப்பை ஒத்திசைவின்றி வாசிக்கத் தனி அழைப்புகளைச் சேர்த்தது. வாசிப்பைத் தொடங்கும்போதே இடமும் நீளமும் கொடுக்கப்படும். முடிந்தபின் செய்தி வரும். கோப்பு ஒருபோதும் தேங்காது என்றால் அவற்றுக்குத் தேவை ஏது? செலக்ட்டின் வேலையைச் செய்யும் லினக்ஸின் ஈபோல் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. சாதாரணக் கோப்பைச் சேர்க்க முயன்றால், ‘எப்போதும் தயார்’ என்று ஒப்புக்குக்கூடச் சொல்லாமல், பிழைக்குறியைத் தந்து, சேர்க்கவே மறுத்துவிடுகிறது. செலக்ட் மழுப்பியதை ஈபோல் உடைத்துச் சொல்கிறது. 1999-இல் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் விவேக் பாய், பீட்டர் டிருஷல், வில்லி ஸ்வெனப்போல் ஆகியோர் முன்வைத்த ஃபிளாஷ் வலை வழங்கியும் இதே இடத்தில்தான் முட்டியது. சாக்கெட்டுகளைச் சுழலிடம் விட்டார்கள். பக்கங்கள் நினைவகத்தில் இருக்கின்றனவா என்று சோதித்தார்கள். இல்லாதபோது வட்டு வாசிப்பைத் துணைப் புராசஸ்களிடம் ஒப்படைத்தார்கள். விதியை நம்பியிருந்தால் அவர்களுக்குத் துணைப் புராசஸே தேவைப்பட்டிருக்காது.

அளவு தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். எடுத்துக்காட்டாகக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பார்ப்போம். 1904 முதல் கால்சியம்-கே ஒளியில் அங்கே எடுத்துவந்த சூரியப் படத்தட்டுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்ணிமமாக்கியிருக்கிறது: ஒரு தட்டுக்கு 4096 × 4096 புள்ளிகள், புள்ளிக்கு 16 பிட். சுருக்காத நிலையில் ஒரு படம் ஏறத்தாழ 33.5 மெகாபைட். அந்தக் காப்பகம் எந்த மென்பொருளில் நடக்கிறது என்பது இங்கே பொருட்டல்ல. இத்தகைய கோப்புகளை நிகழ்வுச் சுழல் ஒன்று வழங்குவதாக வைத்துக்கொள்வோம். வன்தட்டு வினாடிக்கு 150 மெகாபைட் தருமானால் ஒரு படத்துக்கு 0.22 வினாடி. சுழலின் த்ரெட்டே நேரடியாக வாசித்தால் அந்த 0.22 வினாடியும் மற்ற எல்லா இணைப்புகளும் உறைந்து நிற்கும். பத்துப் பேர் ஆளுக்கொரு படம் கேட்டால் பத்தாமவர் மட்டுமன்றி, வெறும் முகப்புப் பக்கம் கேட்டு வந்தவரும் இரண்டு வினாடிக்கு மேல் காத்திருப்பார்.

பக்க நினைவகம் இதையெல்லாம் மறைத்துவிடும் என்பார்கள். அடிக்கடி கேட்கப்படும் கோப்புக்கு அது பொருந்தும். ஒரு நூற்றாண்டுப் படங்களில் எந்த நாளை வேண்டுமானாலும் கேட்கும் ஆய்வாளருக்குப் பொருந்தாது. வேகமான என்விஎம்ஈ வட்டுகள் வந்தபின் சிக்கலே இல்லை என்ற மறுப்பும் நெடுநேரம் நிற்காது: எழுதியது வட்டில் சேரும்வரை நிற்கும் எஃப்சிங்க் அழைப்பும் வலைப்பின்னல் கோப்பு முறைமையும் அதே த்ரெட்டில்தான் காத்திருக்கின்றன.

இந்த வாசிப்பை ஏற்றால், தேங்கும் வேலைகளுக்கென ஒதுக்கிவைத்த த்ரெட்டுகளின் தொகுதியான த்ரெட் குளத்தை மதிப்பிடும் விதமும் மாறவேண்டும். கோப்புக்கு த்ரெட் குளம் வைப்பதைத் தற்காலிக ஒட்டுவேலை என்று எழுதுவது வழக்கம். எனக்கு அது ஏற்புடையதன்று. தயார்நிலையைக் கேட்க முடியாத இடத்தில் முடிவுநிலையைத்தான் கேட்கவேண்டும். குளம் அதைத்தான் எளிய முறையில் செய்கிறது. குறை குளத்தில் இல்லை, அதை மறைத்துவைப்பதில் இருக்கிறது. நோட்.ஜேஎஸ்ஸின் அடியில் உள்ள லிப்யூவி இயல்பாக 4 த்ரெட்டுகளையே வைத்திருக்கிறது. கோப்பு வேலையும் பெயரை முகவரியாக மாற்றும் வேலையும் அதே நான்கைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மெதுவான வட்டில் நான்கு பெரிய வாசிப்புகள் நடக்கும்போது, அந்த வட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத பெயர்த் தேடலும் வரிசையில் நிற்கும். நிரலாளர் எழுதியது தூய ஒத்திசைவற்ற நிரல். எங்கே தேங்குகிறது என்று அதில் எவ்வளவு தேடினாலும் தெரியாது.

ஜாவா உலகம் இதில் நேர்மையாக நடந்துகொண்டிருக்கிறது. 2023-இல் ஜாவா 21-உடன் நிலைபெற்ற மெய்நிகர் த்ரெட்டுகளின் முன்மொழிவு, பல கோப்பு அழைப்புகள் அடியிலுள்ள இயங்குதள த்ரெட்டைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன என்று ஒப்புக்கொண்டு, அதை ஈடுசெய்யத் தற்காலிகமாகக் கூடுதல் த்ரெட்டுகளைச் சேர்க்கிறது. தேங்கும் அழைப்புகளைக் கண்டுபிடிக்க ரியாக்டர் நூலகத்தார் உருவாக்கிய பிளாக்ஹவுண்ட், கோப்பு ஓடை வாசிப்பைத் தேங்கும் அழைப்புகளின் பட்டியலிலேயே வைத்திருக்கிறது.

யென்ஸ் ஆக்ஸ்போ எழுதி 2019-இல் லினக்ஸ் 5.1-இல் சேர்ந்த ஐஓ யூரிங், விவரிப்பியோடு இடத்தையும் நீளத்தையும் கெர்னலிடம் ஒப்படைத்துவிட்டு முடிவை மட்டும் கேட்கிறது. கேள்வி முதன்முறையாக லினக்ஸில் எல்லா வகைக் கோப்புக்கும் முழு வடிவம் பெற்றது இங்கேதான் என்பது என் கணிப்பு. பழைய லினக்ஸ் ஏஐஓ, பக்க நினைவகத்தைத் தவிர்க்கும் நேரடி வாசிப்புக்கு மட்டுமே நம்பத்தக்கதாக இருந்தது. ஆனால் ஐஓ யூரிங்கும் தேங்கக்கூடிய வேலைகளைக் கெர்னலுக்குள் துணை த்ரெட்டுகளிடமே தள்ளுகிறது. குளம் ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. எனவே அதன் அளவை யார் தீர்மானிப்பது, வட்டுக்கு ஒரு குளமா, வேலைக்கு ஒரு குளமா என்ற கேள்விகள் வடிவமைப்பாளரிடம்தான் இருக்கின்றன. கோப்புக்கென்று தனிக் குளம், அதற்கு வெளிப்படையான உச்சவரம்பு, அதற்கு முன்னால் நீளத்துக்கு வரம்புள்ள வரிசை ஆகிய மூன்றையும் எதிர்வினை நூலகங்கள் தங்கள் இடைமுகத்தில் வெளிப்படையாகத் தரவேண்டும்.