மொய்ரா: கிரேக்கக் காவியங்களில் விதியும் மனிதத் தெரிவும்

ஒவ்வொரு மனிதனுக்கும் வாழ்வில் இவ்வளவுதான் என்று ஒதுக்கப்பட்ட பங்கைப் பண்டைக் கிரேக்கர் மொய்ரா என்றனர். அந்தப் பங்கின் எல்லைக்கோடு சாவு. முற்பிறவி வினை என்ற எண்ணம் ஹோமரின் காவியங்களில் இல்லை. சாவுக்கு நாள் குறித்தாயிற்று என்று நம்பிய அதே மக்கள், குற்றம் செய்தவனைப் பொறுப்பாளியாக்கவும் தயங்கவில்லை. இரண்டையும் ஒருசேர நம்புவது அவர்களுக்கு நெடுங்காலம் முரணாகவே படவில்லை.

பொ.ஆ.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டி உருவான இலியட்டின் 16ஆம் காண்டம் இதற்கு முதன்மையான சான்று. சீயஸின் மகன் சர்ப்பிடான், பட்ரோக்ளஸின் கையால் சாக வேண்டியவன். அவனை உயிரோடு தூக்கிச் சொந்த நாடான லிசியாவில் விட்டுவிடலாமா என்று சீயஸ் தடுமாறுகிறார். உம்மால் முடியாது என்று ஹேரா சொல்வதில்லை. செய்யுங்கள், ஆனால் மற்றத் தெய்வங்கள் ஏற்க மாட்டார்கள், நாளை அவரவர் பிள்ளையைக் காப்பாற்றக் கிளம்புவார்கள் என்றே எச்சரிக்கிறாள். சீயஸ் பணிகிறார், மகனுக்காக மண்ணில் இரத்தத் துளிகளைப் பொழிகிறார். விதியை மீறும் வலிமை அவருக்கு உண்டா என்ற கேள்விக்குக் காவியம் விடை தரவில்லை. இங்கே அவரைத் தடுப்பது வலிமையின்மை அல்ல, ஒழுங்கு குலையும் என்ற அச்சம் என்றே கொள்ள வேண்டும். உறக்கமும் சாவும் சர்ப்பிடானின் உடலைச் சுமந்து செல்லும் காட்சியை யூஃப்ரோனியோஸ் என்ற ஓவியர் பொ.ஆ.மு. 515 அளவில் ஒரு மதுக்கலத்தில் தீட்டினார்.

அக்கிலீஸுக்கோ விதியே இரண்டாகக் கிளைக்கிறது. டிராயில் நின்று போரிட்டால் அழியாப் புகழும் இளமையில் சாவும். ஊர் திரும்பினால் புகழின்றி நீண்ட ஆயுள். ஹெக்டரைக் கொன்றால் அடுத்த சாவு உன்னுடையது என்று தாய் தீட்டிஸ் சொன்ன பிறகும் அவன் போருக்குப் போகிறான். தெரிந்தே எடுத்த முடிவு அது. கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னன் வேறு வகை: அக்கிலீஸை அவமதித்தது தன் குற்றமல்ல, சீயஸும் மொய்ராவும் பழிவாங்கும் தேவி எரினியஸும் அறிவை மயக்கினார்கள் என்கிறான். ஆனாலும் ஈட்டுப்பொருளை வாரி வழங்குகிறான். ஈ. ஆர். டாட்ஸ் 1951இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு நூலை இந்தப் பேச்சிலிருந்தே தொடங்கினார்.

ஒடிசியின் தொனி இன்னும் கண்டிப்பானது. மனிதர்கள் எல்லாவற்றுக்கும் எங்களையே பழிக்கிறார்கள் என்று சீயஸ் தொடக்கத்திலேயே குறைப்படுகிறார். அகமெம்னனைக் கொல்லாதே என்று ஹெர்மிஸை அனுப்பி எச்சரித்தும் கேளாத ஈஜிஸ்தஸ், விதித்ததற்கும் மேலான துன்பத்தைத் தானே தேடிக்கொண்டான் என்பது அவர் வாதம்.

ஹீசியாடின் தியோகனியில் மொய்ரா மூன்று தேவியராகிறது: குளோத்தோ, லாக்கெசிஸ், அட்ரோப்போஸ். ஓரிடத்தில் அவர்கள் இரவின் மக்கள். இன்னோரிடத்தில் சீயஸுக்கும் தெமிஸுக்கும் பிறந்தவர்கள். விதி தெய்வத்துக்கு மூத்ததா, அடங்கியதா என்ற குழப்பம் இந்த வம்சாவளியிலேயே தெரிகிறது. டெல்ஃபிக் கோயிலில் மொய்ராக்கள் இருவரின் சிலைகளே இருந்தன. மூன்றாமவளின் இடத்தில் சீயஸும் அப்பல்லோவும் நின்றதாகப் பொ.ஆ. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பௌசானியாஸ் எழுதியுள்ளார்.

டெல்ஃபியின் நிலைப்பாட்டை, ஹெரோடோட்டஸ் சொல்லும் லிடிய மன்னன் குரோசஸின் கதை காட்டுகிறது. விதித்த பங்கிலிருந்து தெய்வமும் தப்ப முடியாது. சார்டிஸ் நகரின் வீழ்ச்சியை மூன்றாண்டு தள்ளிப்போட மட்டுமே அப்பல்லோவால் முடிந்தது. இதைச் சொன்ன அதே மூச்சில், ஒரு பேரரசு அழியும் என்ற குறிமொழியைப் பெற்றும், அது எந்தப் பேரரசு என்று கேட்டுத் தெளியாதது குரோசஸின் தவறு என்றும் பூசாரினி சொல்கிறாள். அவனும் அதை ஒப்புக்கொள்கிறான். சோபோக்ளிஸின் ஈடிபஸும் அப்படித்தான்: துன்பத்தைத் தந்தவர் அப்பல்லோ, கண்களைக் குத்தியது தன் கை என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறான்.

இதை முரணாகக் கண்டு விடை தேடியவர்கள் தத்துவவாதிகள். பிளேட்டோவின் குடியரசு நூலின் இறுதிக் கதையில், உயிர்கள் பிறக்கும் முன்பே தம் வாழ்வைத் தாமே தேர்கின்றன, பழி தேர்ந்தவருடையது. அணுக்களின் சிறு விலகலைக் கொண்டு கட்டாயத்தை உடைக்கும் வாதம் எபிக்யூரஸின் மரபில் எழுந்தது. எல்லாமே விதி என்ற ஸ்டோயிக்கர் கிரிசிப்பஸ், உருளையை ஒருவர் தள்ளினாலும் அது உருள்வது தன் வடிவத்தால்தான் என்றார். நோய் தீருவது விதியானால் மருத்துவர் எதற்கு என்ற கேள்விக்கு, மருத்துவரை அழைப்பதும் அதே விதியின் பகுதி என்பது அவர் பதில். அந்தப் பதில் போதாது என்று அஃப்ரோடிசியாஸின் அலெக்சாண்டர், பொ.ஆ. 200ஐ ஒட்டி விதி பற்றித் தனி நூல் எழுதி, ரோமப் பேரரசர்கள் செவெரஸுக்கும் கரகல்லாவுக்கும் காணிக்கையாக்கினார்.