கோமாளிகளும் நான்கு தமிழும்

ஈழத்துத் தமிழ்த் திரைப்படங்களுள் சிரிப்புக்கென்றே எடுக்கப்பட்டவை மிகச் சில. அவற்றுள் முதலில் நினைவுக்கு வருவது 1976இல் வெளிவந்த ‘கோமாளிகள்’. எஸ். ராமதாஸ் எழுதி, இலங்கை வானொலியில் ஒலித்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற தொடரே அதன் மூலம்.

ராமதாசின் மரைக்கார் முஸ்லிம் தமிழும், ரி. ராஜகோபாலின் அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழும், எஸ். செல்வசேகரனின் உபாலி சிங்களவாடைத் தமிழும், பி.எச். அப்துல் ஹமீதின் ஐயர் பிராமணத் தமிழும் பேசினர். ராமதாஸ் மரைக்கார், ஹமீது ஐயர்! பாதிச் சிரிப்பு இதிலேயே உண்டு.

தமிழகப் படங்களின் மொழியையே கேட்டுப் பழகிய யாழ்ப்பாணத்தவருக்குத் தம் வீட்டுப் பேச்சு திரையில் ஒலித்தது சிறிய செய்தியன்று. அதே ஆண்டு மே மாதத்தில்தான் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. உபாலியோ அப்போதும் நண்பனாகவே திரையில் நின்றான்.

1983 ஜூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா கலையகம் எரிக்கப்பட்டது. பல சிங்களப் படங்களின் மூலச்சுருள்களும் அங்கேயே சாம்பலாயின.