கலங்கல் நீரும் கறுந்தவளையும்

ஆய்க்குடி என்றவுடன் சங்கப் பாடல்களில் பழகியவர்களுக்கு உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் நினைவுக்கு வருவார். வடக்கே இமயம் நிற்கையில் அதற்கு ஈடாகத் தெற்கே ஆய்குடி இல்லாது போனால் இவ்வுலகம் நிலைபிறழும் என்று புறநானூற்றின் 132ஆம் பாடலில் அவர் பாடியிருக்கிறார். அங்கே சொல்லப்படுவது ஓர் ஊரா, ஆய் மரபினரின் குடியா என்பதில் உரைகாரர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தென்காசியை அடுத்த இந்தச் சிற்றூருக்கு நாம் சென்றது அந்த வழக்கைத் தீர்த்துவைக்கும் எண்ணத்தோடுதான். ஆனால் கொண்டுவந்து சேர்த்தது வேறொரு கேள்வியை.

அனுமன் நதியின் நீரால் நிறையும் குளம் ஒன்றின் கரையில், மாலை மங்கும் வேளையில், அறுபதைக் கடந்த ஒருவர் தூண்டில் வீசிக்கொண்டிருந்தார். முள்ளில் மண்புழு இல்லை. உயிருள்ள தவளையும் இல்லை. கட்டைவிரல் பருமனில், உள்ளே கூடாக, அமுக்கினால் அமுங்கும் ஒரு ரப்பர் தவளை. முதுகும் வயிறும் ஒன்றுபோலக் கறுப்பு. கையிலிருந்த டப்பாவில் பச்சை, மஞ்சள், வெள்ளை எனப் பல நிறங்களில் தவளைகள் கிடந்தன. தவளை பச்சையாகத்தானே இருக்கும் அண்ணாச்சி, இதென்ன கறுப்பு என்று கேட்டோம்.

"கலங்கத் தண்ணில்லா சார், பச்சையப் போட்டா தண்ணியோட தண்ணியாப் போயிரும். கீழ கெடக்க மீனு மேல பாக்கும். அதுக்குக் கறுப்புதான் தெரியும்" என்றார்.

இந்த இரண்டு வரிக்குப் பின்னால் எவ்வளவு நீண்ட வரலாறு இருக்கிறது என்பது வீடு திரும்பிய பிறகே நமக்கு விளங்கத் தொடங்கியது.

நம் இலக்கியத்தில் தூண்டிலுக்குக் குறைவில்லை. குறுந்தொகையின் 54ஆம் பாடலை இயற்றியவரின் இயற்பெயர் மறைந்து, அவர் ஆண்ட உவமையே பெயராகி, மீனெறி தூண்டிலார் என்று நிலைத்துவிட்டது. யானை வளைத்துப் பின் கைவிட்ட மூங்கில் மேலெழுவதை, மீனைச் சுண்டியிழுக்கும் தூண்டிற்கோல் எழுவதோடு அவர் ஒப்பிடுகிறார். கோலின் துள்ளலைக் கண்ணால் கண்டவரின் உவமை அது. வள்ளுவர் சூது அதிகாரத்தில், குறள் 931இல், தூண்டிலின் 'பொன்'னை விழுங்கும் மீனைக் காட்டுகிறார். பொன் என்பதற்கு இரும்பு என்று பொருள் கொண்ட பரிமேலழகர், இரையால் மறைக்கப்பட்ட முள் என்று விளக்குகிறார். அவ்வுரையை மறுக்கும் துணிவு நமக்கில்லை. ஆயினும், உலோகத்தையே இரையென்று மயங்கி மீன் விழுங்குவதாக ஒரு கணம் எண்ணிப் பார்த்தால், இன்றைய செயற்கை இரையின் இலக்கணமே அங்கு இருப்பதுபோலத் தோன்றுகிறது. (தோன்றுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்வோம். தமிழர் அன்றே அனைத்தும் அறிந்திருந்தனர் என்று எழுதுவோர் போதுமான அளவில் இருக்கிறார்கள்.)

அனுமன் நதி சிற்றாற்றில் கலக்கிறது. சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியைச் சேர்கிறது. அதுவே முக்கூடற்பள்ளு பாடப்பெற்ற இடம். ஆய்க்குடிக் குளத்தின் மறுகால் நீர் ஒருவகையில் அந்த நூலுக்குள்தான் போய் விழுகிறது எனலாம். அங்கே வெள்ளம் வருகையில் மீன்களின் பெயர்கள் வரிசையாக வந்து விழும் அழகை வாசகர்கள் அறிவார்கள். ஆனால் எந்த மீனுக்கு எந்த இரை, எந்த நீருக்கு எந்த நிறம் என்பதைப் புலவர் சொல்லவில்லை. அது அவர் வேலையும் அன்று. பெயர்கள் ஏட்டில் ஏறின. கைப்பழக்கம் கரையிலேயே நின்றுவிட்டது.

பெயர்கள் மட்டும் பயணம் செய்யும் இந்த விந்தைக்கு இன்னும் பெரிய சான்று ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தரங்கம்பாடியில் கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்ற சமயப் பணியாளர் இருந்தார். மீன்களைச் சேகரித்துப் பெர்லினில் இருந்த மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிளாக்குக்கு அனுப்பிவந்தார். பிளாக் 1793இல் விராலையும் குறவையையும் பாம்புத்தலை மீன்கள் என்னும் பொருள்தரும் புதிய பேரினத்தில் வைத்து விவரித்தார். அடுத்துப் பாரிஸில் லாசெபேத் என்பவர் பெரியதொரு மீன் நூலை எழுதுகையில், 1801இல், இவற்றுக்கு இட்ட சிற்றினப் பெயர்கள் என்ன தெரியுமா? 'வ்ரால்', 'கருவெய்'. நம் குளத்து விராலும் குறவையும்தான், பிரெஞ்சு நாவுக்கு ஏற்பச் சற்றே வளைந்து நிற்கின்றன. முந்தி வைத்த பெயரே செல்லும் என்ற விதிப்படி பிளாக்கின் பெயர்களே நிலைத்தன. தமிழ்ப் பெயர்கள் ஒத்த பெயர்ப் பட்டியலில் ஒதுங்கிவிட்டன. இருந்தாலும் விலங்கியல் ஏடுகளில் அவை இன்றும் இருக்கின்றன.

நம் கதைக்கு வேண்டிய செய்தி இதற்கு அடுத்த ஆண்டில் இருக்கிறது. அதே லாசெபேத், அதே நூலின் அடுத்த தொகுதியில், 1802இல், அமெரிக்காவின் கரோலினாவிலிருந்து கிடைத்த சித்திரத்தையும் குறிப்பையும் கொண்டு ஒரு நன்னீர் மீனுக்குப் பெயர் வைத்தார். அதுவே பெருவாய் பாஸ். அமெரிக்கத் தூண்டில்காரர்களின் உயிர்மூச்சு என்று சொல்லத்தக்க மீன். ஒரே மனிதரின் பேனாவிலிருந்து ஓராண்டு இடைவெளியில் பெயர் பெற்ற விராலும் பாஸும் பிறப்பால் உறவினர் அல்லர், தொழிலால் பங்காளிகள். இரண்டும் நீர்ப்பூண்டுகளுக்கிடையே அசையாது பதுங்கிக் கிடந்து, மேலே போவதைப் பாய்ந்து பிடிப்பவை. விரால் காற்றைச் சுவாசிப்பதற்கென்றே அடிக்கடி நீர்ப்பரப்புக்கு வரும். வந்து ஒரு குமிழை விட்டுத் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும்.

விராலுக்குத் தவளை என்பது நம் நாட்டில் எவ்வளவு ஊறிய பழக்கம் என்பதை எழுதிவைத்தவர் ஓர் ஆங்கிலேயர். சென்னை மாகாணத்தில் ஆட்சியராயிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 'இந்தியாவில் தூண்டில்' என்று பொருள்படும் தம் நூலை 1873இல் மங்களூரில் வெளியிட்டார். குளங்களில் தூண்டிலிடுவதற்கென்றே 1887இல் தனி நூலும் எழுதினார். அதிகாரத்தின் பார்வை அவற்றில் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கரையில் மணிக்கணக்காக நின்று பார்த்த ஒருவரின் பொறுமையும் அவற்றில் உண்டு. நம்மவர் ஒருவர் அதைத் தமிழில் செய்திருக்கலாகாதா என்ற ஏக்கம் அவற்றைப் புரட்டும்போதெல்லாம் எழுகிறது.

இனி நிறத்துக்கு வருவோம். 1949இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், ஆக்ரன் நகரில், நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவியும் தம் வீட்டுச் சமையலறையில் உயிருள்ள மண்புழுவின் அச்செடுத்து, அதில் மென்பிளாஸ்டிக்கைக் காய்ச்சி ஊற்றி, நெளியும் புழு ஒன்றைச் செய்தார்கள். முதல் நோக்கம் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்பதே. விற்பனை பெருகப் பெருக நோக்கம் மாறியது. கறுப்பும், அடர் ஊதாவும், கறுப்பில் நீலம் கலந்ததும் கடைகளை நிறைத்தன. அந்த நிறத்தில் மண்புழு எங்கும் இல்லை. ஆனாலும் மீன் கடித்தது. கலங்கிய நீருக்கும் இரவுக்கும் கருநிறம், தெளிந்த நீருக்கு ஒளி ஊடுருவும் மங்கிய பச்சையும் பழுப்பும் என்பது பாஸ் பிடிப்போரிடையே ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டது.

வாய்பாட்டுக்குக் காரணம் ஒளியில் இருக்கிறது. குளத்து அடியில் கிடக்கும் மீனுக்கு மேலே தெரிவது வெளிறிய வானம். அந்த வெளிச்சத்தின் முன் எந்த நிறப்பொருளும் முதலில் நிழலுருவாகத்தான் தெரியும். நிழல்களில் அழுத்தமானது கறுப்பின் நிழல். மண் கலந்த நீரில் நீல ஒளி விரைவில் மடிந்து, எஞ்சுவது மஞ்சளும் செம்மையுமான வெளிச்சம். அங்கே நீலமும் ஏறத்தாழக் கறுப்புதான். பாஸ் மீனின் கண்ணை 1937இல் இல்லினாயில் ஆராய்ந்த பிரவுன், மஞ்சள் கண்ணாடி அணிந்த மனிதன் காண்பதைப் போல அது காண்கிறது என்ற முடிவுக்கு வந்தார். 2019இல் அதே மாநிலத்தில் வெளியான ஆய்வு, பச்சைக்கும் சிவப்புக்கும் உரிய இருவகைக் கூம்பணுக்களே அதன் கண்ணில் உள்ளன என்றும், சிவப்பையும் பச்சையையும் நன்கு பிரித்தறியும் அம்மீன் கருநீலத்தையும் கறுப்பையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறது என்றும் காட்டியது. அப்படியானால் கறுப்பில் நீலம் கலந்த அந்தப் புகழ்பெற்ற புழு யாருக்காக? வாங்குபவருக்காக என்றுதான் சொல்ல வேண்டும். கடையில் முதலில் தூண்டிலில் விழுவது மனிதன்.

இதைப் படித்த பிறகு அந்தக் கறுந்தவளையின் வயிறு நமக்கு வேறுவிதமாகத் தெரிந்தது. உயிருள்ள தவளையின் வயிறு வெளுத்திருக்கும். கீழிருந்து பார்க்கும் பகைவனுக்கு வான வெளிச்சத்தோடு கலந்து மறைந்துபோக இயற்கை தந்த காப்பு அது. ரப்பர் தவளையின் வயிற்றைக் கறுப்பாக்கியவர் தவளையைப் போலச் செய்யவில்லை. தவளை மறைக்க விரும்பியதைக் காட்டிக்கொடுத்திருக்கிறார். உருவத்தில் போலி, நிறத்தில் முரண். போலச் செய்தலே கலை என்று வகுப்பறையில் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்குக்கு இது சற்றுக் கசப்பான பாடம்.

மறுமுறை சென்றது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பிசான நெல் பச்சைகட்டிய நாளில். குளம் நிறைந்திருந்தது, வண்டல் படிந்து நீர் ஓரளவு தெளிந்திருந்தது. அதே பெரியவர். இம்முறை முள்ளில் சாம்பலும் பச்சையும் கலந்த தவளை. மழைக்குப் பின் செம்மண் கரைந்த நீரில் கறுப்பு, தெளிந்தால் மங்கல் நிறம், கோடையில் பாசி பிடித்து நீர் பச்சையாகிவிட்டால் மறுபடியும் கறுப்பு, பொழுது சாய்ந்தால் எக்காலத்திலும் கறுப்பு என்று அவர் விரல் மடக்கிச் சொன்னார். இல்லினாய் ஆய்வைப் பற்றிச் சொன்னோம். ஆர்வமாகக் கேட்டுவிட்டு, "அந்த மீனு என்ன ருசி இருக்கும் சார்?" என்றார்.

இந்த வரிசையை அவர் யாருக்கும் கற்றுத் தரவில்லை. மகன் திருப்பூரில் இருக்கிறார். பேரனுக்குத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது. ரப்பர் தவளையின் அட்டையில் நிறத்தின் பெயர் அச்சிட்டிருக்கிறது. எந்த நீருக்கு எது என்பது அச்சிடப்படவில்லை. அதனால்தான் அவர் விரல் மடக்கிய வரிசையை இங்கே அப்படியே பதிந்துவைக்கிறோம்.

பேசிக்கொண்டே அல்லி படர்ந்த ஓரத்துக்கு வந்திருந்தோம். இலைகளின் நடுவே கையகல இடத்தில் நீர் கொதிப்பதுபோலச் சிறுசிறு செம்புள்ளிகள் துடித்தன. விரால் குஞ்சுத் திரள். அடியில் தாயோ தந்தையோ காவலிருக்கும். குஞ்சுகளின் மேல் எது விழுந்தாலும், அது எந்த நிறமானாலும், சீறிப் பாயும். தூண்டில்காரனுக்கு இதைவிட எளிய மீன் இல்லை. பெரியவர் நரம்பைச் சுற்றி எடுத்துக்கொண்டு, தவளையை டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு, மடைப்பக்கம் நடக்கத் தொடங்கினார்.