சிப்கோ: வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட பாதி



போன வாரம் நம் குழுவில் ஒரு வாக்குவாதம். "பூமி சூடாகிறது, நிலக்கரியை உடனே நிறுத்த வேண்டும்" என்றார் ஒருவர். "அதை நம்பிப் பிழைப்பவன் எங்கே போவான்?" என்றார் மற்றவர். முதலாமவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார். அவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

சிப்கோ இயக்கம் நடத்தியது நினைவிருக்கும். இன்றைய உத்தராகண்ட் மலைப்பகுதியில் நடந்தது. 1973இல் சண்டி பிரசாத் பட் என்ற காந்தியவாதியின் கிராமக் கூட்டுறவுச் சங்கம், உழவுக் கருவிகள் செய்யச் சில மரங்கள் கேட்டது. வனத்துறை மறுத்துவிட்டு, விளையாட்டுச் சாமான் செய்யும் வெளியூர்க் கம்பெனிக்கு மரங்களைக் கொடுத்தது. மக்கள் மரத்தைக் கட்டிப்பிடித்துக் காப்போம் என்று கிளம்பினார்கள். 1974 மார்ச் 26 அன்று ரேணி கிராமத்தில் ஆண்கள் ஊரில் இல்லை. வெட்ட வந்தவர்களை கௌரா தேவி தலைமையில் பெண்களே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

வகுப்பில் நான் இத்தோடு மணி அடித்துவிட்டேன். மீதிக் கதைதான் நமக்கு இப்போது தேவை.

இயக்கத்துக்குள்ளேயே இரண்டு வழிகள் இருந்தன. காடு முதலில் மலைமக்களுக்குப் பயன்பட வேண்டும், அளவோடு எடுத்து நட்டு வளர்க்க வேண்டும் என்பது பட்டின் வழி. முகாம் போட்டு ஊராரோடு மரக்கன்று நட்டார். இன்னொரு காந்தியவாதியான சுந்தர்லால் பகுகுணா, பச்சை மரத்தை வெட்டவே கூடாது என்றார். ஊர் ஊராக நடந்தார், உண்ணாவிரதம் இருந்தார். டெல்லி கேட்டது அவர் குரலைத்தான். 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் மரம் வெட்ட 15 ஆண்டுத் தடை வந்தது. காட்டு நிலத்தைக் காடல்லாத வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்று 1980இல் சட்டமும் வந்தது.

காடு பிழைத்தது. ஆனால் அந்தச் சட்டத்தால் மலைக் கிராமங்களின் சாலை வேலைகள் தாமதப்பட்டன. 1980களின் இறுதியில் அதே மலைப்பகுதியில் 'மரத்தை வெட்டுவோம்' என்று ஒரு போராட்டம் கிளம்பியது! கட்டிப்பிடித்த மண்ணிலேயே கோடரியைத் தூக்க வைத்தது எது? மரத்தை நினைத்த சட்டம், மரத்தடியில் வாழ்ந்தவரை மறந்ததுதான்.

பகுகுணா தவறு என்று நான் சொல்லவில்லை. தடை வராமல் இருந்திருந்தால் காத்திருக்கக் காடே மிஞ்சியிருக்காது. பட் கேட்டதையும் அந்தத் தடையோடு சேர்த்திருக்க வேண்டும், அவ்வளவே. நிலக்கரிக்கும் இதுதான் கணக்கு. நிறுத்தும் நாளைக் குறிக்கும்போதே, சுரங்கத் தொழிலாளியின் மறுநாள் சோற்றுக்கும் வழி எழுத வேண்டும்.

கோபித்துப் போன தம்பி, திரும்பி வா. உன் கேள்வியும் வேண்டும், அவன் கேள்வியும் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்